பவளத் தொட்டிக்கு மெடல் ஹாலைட் விளக்கைத் தெரிந்தெடுக்கும் முறை

கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி அதில் உயிர்ப்பவளம் வளர்ப்பது ஜெர்மனி, அமெரிக்கா முதலிய தேசங்களில் பல குடும்பங்கள் கைக்கொண்டுள்ள பொழுதுபோக்காகும். அங்கே பவளத்தின் கிளையை ஒடித்துக் கல்லில் ஒட்டி, நாம் கரும்புக்கரணையும் முருங்கைப்போத்தும் நடுவதுபோலப் புதுக்கன்று உண்டாக்கி விற்கிறார்கள். இவ்வளர்ப்பில் பணமும் உயிரும் மிகுதியாய் நஷ்டமாவது விளக்கைத் தவறாகத் தெரிந்தெடுப்பதனாலேயே. ஆகையால் அதன் விவரங்களை இங்கே எடுத்துரைப்போம். நம் கடற்கரைக் கிராமத்தார் அறியவேண்டிய சட்ட விஷயம் ஒன்றும் இறுதியில் கூறப்படும்.

1. வெளிச்சம் வேண்டுவதன் காரணம்

பவளம் பிராணி வர்க்கத்தைச் சேர்ந்ததாயினும், பாறை கட்டும் பவளங்கள் பிழைப்பது பெரும்பாலும் பயிரைப்போலவே. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. அப்பாசி வெளிச்சத்தைக்கொண்டு மாவுச்சத்தைச் சமைத்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு எருவாகிறது. வெளிச்சம் குறைந்தால் பவளம் நாளடைவில் மெலியும். வெளிச்சமோ உஷ்ணமோ திடீரென்று மிகுந்தால் பாசி வெளியேறிப் பவளம் வெளிறிவிடும். எனவே விளக்கே அத்தொட்டியாகிய சிறு வயலுக்குச் சூரியன் என்று கொள்ளவேண்டும்.

2. விளக்கின் தன்மை

மெடல் ஹாலைட் விளக்கில் ஒரு சிறு குழாய்க்குள் பாதரசமும் சில உலோக உப்புகளும் அடைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் பாயும்போது அவை ஆவியாகி மிக்க பிரகாசம் தருகின்றன. இவ்வகை விளக்குகள் 1960-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் வியாபாரத்திற்கு வந்து, முதலில் வீதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உபயோகமாயின. ஒரு சிறு இடத்திலிருந்து வலுவான ஒளி புறப்படுவதால், அது தொட்டியின் அடிவரை சென்று, வெயில் பட்ட ஓடைநீர்போல அலையலையாய்த் தோன்றும். இதுவே இவ்விளக்கின் சிறப்பு.

3. எத்தனை வாட் வேண்டும்

இதைத் தொட்டியின் ஆழத்தையும் வளர்க்கும் ஜாதியையும் கொண்டு தீர்மானிக்கவேண்டும். 18 அங்குலம் வரை ஆழமுள்ள தொட்டிக்கு 150 வாட் விளக்கும், 24 அங்குலம் வரை 250 வாட் விளக்கும், அதற்கு மேற்பட்ட ஆழத்திற்கு 400 வாட் விளக்கும் பொதுவாய் ஏற்றவை. ஒரு விளக்கு சுமார் 2 அடி நீளம் 2 அடி அகலமுள்ள இடத்திற்குப் போதும். ஆகவே 4 அடித் தொட்டிக்கு இரண்டு விளக்குகள் வேண்டும்.

வெற்றிலைக்கொடி நிழலை நாடுவதும் நெல் முழுவெயிலை விரும்புவதும் போலப் பவளங்களிலும் பேதம் உண்டு. அக்ரோபோரா என்னும் கிளைப்பவளம் மிக்க வெளிச்சம் கேட்கும். காளான் போன்ற வடிவமுள்ளவையும் பல மென்பவளங்களும் குறைந்த வெளிச்சத்தில் செழிக்கும். இவற்றை மட்டும் வளர்ப்பவர் 400 வாட் விளக்கு வாங்குவது வீண் செலவு. மீன்களை மாத்திரம் வளர்ப்பவருக்கு மெடல் ஹாலைட் விளக்கே அவசியமில்லை.

4. ஒளியின் நிறம்

விளக்கின்மேல் 6500, 10000, 14000, 20000 என்று கெல்வின் அளவு குறித்திருப்பார்கள். எண் ஏற ஏற ஒளி நீலமாகும். 6500 கெல்வின் சற்று மஞ்சள் கலந்து காணும், 10000 வெண்மையாயிருக்கும், 20000 ஆழ்கடல்போல் நீலமாயிருக்கும். ஒரே வாட் உள்ள விளக்குகளில் நீலம் மிகுந்தவை பொதுவாய்க் குறைந்த அளவு ஒளியையே தருகின்றன; ஆயினும் பவளத்தின் வர்ணங்கள் அவற்றின்கீழ் அழகாய்த் தோன்றும். வளர்ச்சியை முதலாய்க் கருதுவோர் 10000 கெல்வினை எடுத்து, நீலத்திற்கென்று தனிக் குழல்விளக்கு சேர்த்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தோன்றும் பிரகாசமும் பாசிக்கு உதவும் ஒளியும் ஒன்றல்ல. பின்னதை அளக்கத் தனிக் கருவி உண்டு.

5. பாலாஸ்டும் கண்ணாடியும்

இவ்விளக்கை நேரே மின்கம்பியில் இணைக்கலாகாது. மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பாலாஸ்ட் என்னும் சாதனம் வேண்டும். விளக்கும் பாலாஸ்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கவேண்டும். அமெரிக்க முறையில் எம்-58, எம்-80 ஆகிய இரண்டும் 250 வாட்டுக்குரியவையே. ஆயினும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஆராயாமல் மாட்டினால் விளக்கின் ஆயுளும் நிறமும் கெடும்.

இரு முனைகளிலும் இணைப்புள்ள விளக்குகளுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வெளிக்கண்ணாடி இல்லை. கீழே தனிக் கண்ணாடி மாட்டாமல் அவற்றை ஏற்றினால் பவளம் கருகும். மனிதர் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு நேரும். ஒரு முனை விளக்கின் வெளிக்கண்ணாடி உடைந்தால், உள்ளே எரிந்தாலும் உடனே நிறுத்தி மாற்றிவிடவேண்டும். எரியும் விளக்கின்மேல் நீர் தெறித்தால் அது வெடிக்கக்கூடும்.

6. உஷ்ணமும் செலவும்

தொட்டிநீர் 25 முதல் 27 டிகிரி சென்டிகிரேடில் நிற்பது நலம். 30 டிகிரியைத் தாண்டினால் அபாயம். ஆதலால் விளக்கை நீர்மட்டத்திற்கு மேல் 8 முதல் 12 அங்குல உயரத்தில் தொங்கவிட்டு, விசிறியால் காற்று வீசச் செய்யவேண்டும். மண்பானை நீர் குளிர்வதுபோல, நீர் ஆவியாவதால் தொட்டியும் குளிரும். வற்றிய அளவுக்கு நன்னீரையே ஊற்றவேண்டும். உப்பு ஆவியாவதில்லையாதலால் உப்புநீர் ஊற்றினால் காரம் ஏறிவிடும். உஷ்ண தேசங்களில் விசிறி போதாமல் குளிர்விக்கும் யந்திரமும் தேவைப்படும்.

250 வாட் விளக்கு பாலாஸ்டோடு சேர்ந்து ஏறக்குறைய 280 வாட் மின்சாரம் இழுக்கும். தினம் 8 மணி நேரம் எரித்தால் மாதத்திற்குச் சுமார் 67 யூனிட். இரண்டு விளக்குகளுக்கு 134 யூனிட். குளிர்விக்கும் யந்திரத்தின் செலவு இதற்கு வேறு. மேலும் விளக்கின் ஒளி நாளடைவில் மங்கி நிறமும் மாறுவதால், ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை புதிது மாற்றவேண்டும். கழித்த விளக்கில் பாதரசம் இருப்பதால் அதைக் குப்பைமேட்டில் எறியலாகாது. இக்காரணங்களால் 2010-க்குப் பின் பலர் எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறிவிட்டனர். புதிதாய்த் தொடங்குவோர் இரண்டின் செலவையும் கணக்கிட்டுப் பார்த்தே வாங்கவேண்டும்.

7. பழக்கும் முறை

நிழலில் வளர்ந்த நாற்றைத் திடீரென்று வெயிலில் வைத்தால் வாடுவதுபோலப் பவளமும் புதுவிளக்கின்கீழ் வெளிறும். ஆதலால் முதலில் தினம் 3 அல்லது 4 மணி நேரம் மட்டும் எரித்து, இரண்டு மூன்று வாரங்களில் 8 மணிக்கு உயர்த்தவேண்டும். தொட்டியின்மேல் வலைத்துணி அடுக்கி, ஒவ்வொன்றாய் எடுத்துவருவதும் நல்ல முறையே. பழைய விளக்கை மாற்றும்போதும் இவ்விதமே செய்யவேண்டும். அணைந்த விளக்கு ஆறிய பின்னரே மீண்டும் பற்றும்; அதற்குப் பத்து நிமிஷம் அல்லது மேலும் ஆகலாம். அதைப் பழுதென்று எண்ணவேண்டாம்.

8. சட்ட எச்சரிக்கை

மேற்கூறியது பவளக்கன்று சட்டப்படி விற்கப்படும் தேசங்களின் வழக்கம். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் யாவும், கருப்புப் பவளம், கடல்விசிறி முதலியவையும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2001-ல் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதாயினும் உலர்ந்ததாயினும் அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. அங்குள்ள பவளங்கள் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் உஷ்ணம் மிகுந்து பெரிதும் வெளிறின. வீட்டுத் தொட்டியில் விளக்கைத் தூக்கிக் கட்டியும் விசிறி வைத்தும் காக்கலாம். கடலுக்கு அவ்வித உபாயம் இல்லை. ஆகையால் கரையோரத்தார் ஒரு கிளையையும் ஒடிக்காமலிருப்பதும், பவளம் விலைக்கு வருமாயின் கிராம அதிகாரிகள் வன இலாகாவுக்கு உடனே தெரிவிப்பதும் கடமையாகும்.