பேட்மேன் உழைக்கிறாரா?

2017-ல் வெளியான ஒரு உளவியல் ஆய்வு. 4, 6 வயதுக் குழந்தைகள் 180 பேர். கம்ப்யூட்டரில் 10 நிமிஷம் சலிப்பான ஒரு வேலை. அலுத்தால் பக்கத்திலேயே ஐபேடில் கேம் ஆடலாம்.

ஒரு பிரிவு, "நான் நல்லா உழைக்கிறேனா?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளணும். இன்னொன்று, தன் பெயரைச் சொல்லிக் கேட்கணும். மூன்றாவது பிரிவு பேட்மேனாகவோ டோராவாகவோ மாறி, "பேட்மேன் உழைக்கிறாரா?" என்று கேட்கணும். வேலையில் அதிக நேரம் நின்றது இந்த மூன்றாவது கூட்டம்தான். தன்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றால் சபலத்தின் இழுப்பு குறைகிறது என்பது ஒரு விளக்கம். நாயகனின் குணமும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறதாம்.

குழந்தைகளுக்குச் சரி, நாற்பதைத் தாண்டியவனுக்கு?

ஒரு தடவை நான் ஓட்டிய ஸ்கிரிப்ட் லைவ் டேட்டாபேஸில் ஒரு டேபிளையே காலி செய்துவிட்டது. சந்தேகம் விழுந்தது புதுசா சேர்ந்த பையன் மேல். "நான் என்ன பண்ணணும்?" என்று யோசித்தால் சாக்குகளாகவே வந்தன. சரி, வந்தியத்தேவன் என்ன செய்வான்? அவன் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டுக் குதிரை ஏறிவிடுவான்! (ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும்.)

அப்புறம் ஸ்பைடர்மேன் ஞாபகம் வந்தது. நமக்கென்ன என்று பீட்டர் பார்க்கர் தப்பவிட்ட திருடன்தான் பிறகு அவன் பென் மாமாவைக் கொன்றவன். பீட்டர் இப்போ என் நாற்காலியில் இருந்தால்?

ராத்திரி 11 மணிக்கு மேனேஜருக்கு போன் போட்டேன். பையன் தப்பித்தான். அந்த வருஷ இன்கிரிமென்ட் பற்றி மட்டும் கேட்காதீங்க.