அஜெண்டா இல்லாத அரட்டை: தென்காசிக்கு ஏன் ஒரு டெக் மீட்டப் தேவை?

மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் எழுதலாம். குற்றாலச் சாரலைப் பார்த்தபடி வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை செய்யலாம். நல்ல இன்டர்நெட் இருந்தால் போதும். ஆனால் ஒன்று மட்டும் கேபிள் வழியாக வந்து சேர்வதில்லை. அது டீக்கடைப் பேச்சு.

"அண்ணே, எனக்குத் தர்ற சம்பளம் சரிதானா?", "ஏஐ வந்தா டெஸ்டிங் வேலை நிக்குமா?", "இந்த கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா?" இதையெல்லாம் ஆபீஸ் மீட்டிங்கில் கேட்க முடியாது. கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். டெக் மீட்டப் அந்த வேலையைச் செய்கிறது.

மீட்டப் என்றால் என்ன?

அது கருத்தரங்கு அல்ல. மேடை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் கிடையாது. டெக்னாலஜியில் ஆர்வம் உள்ளவர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசுவார்கள். பேச்சு பைத்தானில் தொடங்கி, பழைய லேப்டாப், வீட்டுக் கடன், வேலை மாற்றம் என்று எங்கெங்கோ போகும். வெட்டி அரட்டை மாதிரித் தெரியும். ஆனால் அதில் பெரிய விஷயங்கள் பிறந்திருக்கின்றன.

1975 மார்ச் 5 அன்று, அமெரிக்காவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டு கார் ஷெட்டில் முப்பது பேர் அளவில் கூடினார்கள். பின்னர் ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பெயர் பெற்ற குழு அது. அன்று வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். அங்கே கிடைத்த உந்துதலில்தான் ஆப்பிள்-1 கணினியை வடிவமைத்தார். அதன் வரைபடத்தையும் கிளப்பில் இருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்.

தமிழ்நாட்டிலும் இது புதிதல்ல. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990-களிலேயே தொடங்கிவிட்டது. காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களிலும் இப்படிக் குழுக்கள் இயங்குகின்றன.

குற்றாலம் முன்பே பார்த்தது

இன்னும் பின்னால் போனால், இந்த வட்டாரத்துக்கே சொந்தமான ஓர் உதாரணம் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. நெல்லையில் தன் வீட்டில் நடத்திய 'வட்டத்தொட்டி'தான் அது. அவர் குற்றாலத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அவரைத் தேடி அங்கேயே வந்தார்கள்.

வட்டத்தொட்டியில் கம்பனும் தமிழிசையும் முக்கியப் பேச்சு. வந்தவர்களோ பல துறைக்காரர்கள். பின்னாளில் நீதிபதியான எஸ்.மகராஜன், மாவட்ட ஆட்சியரான தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், ஆங்கிலப் பேராசிரியர் அ.சீனிவாச ராகவன் எல்லோரும் அதில் உண்டு. டி.கே.சி.யே சட்டம் படித்தவர்தான். ஒரே வேலை பார்ப்பவர்கள் மட்டும் கூடியிருந்தால் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு ருசி இருந்திருக்காது.

அரட்டையால் என்ன லாபம்?

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், "அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். ஐந்தில் நான்கு பேருக்கு மேல், "எப்போதாவது" அல்லது "அபூர்வமாக" என்றார்கள்.

காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி, லேசாகப் பழகியவரிடமிருந்துதான் வரும். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022-ல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது.

சென்னையில் இந்த 'லேசான பழக்கம்' தானாகவே கிடைக்கும். மின்சார ரயிலில், மேன்ஷனில், பக்கத்து கேபினில் என்று யாராவது இருப்பார்கள். தென்காசியில் அப்படி இல்லை. ஸோஹோ 2011-ல் இங்கே காலூன்றியது. அதன் 'டெஸ்க்' மென்பொருள் உருவானதும் இங்கேதான். உள்ளூரிலேயே ஐடி வேலை சாத்தியம் என்பது அதில் நிரூபணமாகிவிட்டது. ஆனால் சின்ன ஊரில் கம்பெனிகள் குறைவு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குப் பக்கத்துத் தெருவில் அதே வேலை பார்ப்பவரைக்கூடத் தெரியாது. வேலை போனால், "இனி சென்னைக்கே போயிர வேண்டியதுதான்" என்றுதான் முதலில் தோன்றும். ஊரில் நாலு பேரைத் தெரிந்திருந்தால், பெட்டியைக் கட்டும் முன் நாலு போன் போட்டுப் பார்க்கலாம்.

எப்படித் தொடங்குவது?

ஐந்து பேர் போதும். ஹோம்பிரூ கிளப்பின் முறையையே எடுத்துக்கொள்ளலாம். முதல் பாதியில் ஒவ்வொருவரும் தனக்கு என்ன தெரியும், என்ன உதவி வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மறுபாதியில் யாரும் யாரிடமும் போய்ப் பேசலாம்.

நேரம் முக்கியம். இரவு எட்டு மணிக்குக் கூடி, அப்படியே பிரானூர் பார்டரில் பரோட்டா என்றால் ஜாலிதான். ஆனால் கடையநல்லூருக்கும் சுரண்டைக்கும் பஸ் பிடிக்க வேண்டிய பெண்கள் வர மாட்டார்கள். ஞாயிறு காலை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்றால் வருவார்கள். சீசன் நேரத்தில் குற்றாலத்தைத் தவிர்ப்பது நல்லது. கூட்டத்தில் வண்டி நகராது.

பேச்சு தமிழில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கியே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். இரண்டு விஷயங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டும். கம்பெனி ரகசியமும் வாடிக்கையாளர் தகவலும் அங்கே பேசக்கூடாது. கோர்ஸ் விற்கவோ, பணம் போடச் சொல்லவோ யாருக்கும் இடம் தரக்கூடாது.

முதல் கூட்டத்துக்கு மூன்று பேர்தான் வந்தாலும் பரவாயில்லை. அடுத்த மாதமும் அதே கிழமை, அதே இடம் என்று வைத்துக்கொண்டால் போதும். "இதைப் போய்க் கேட்டா சிரிப்பாங்களோ" என்று ஒருவர் மனசுக்குள்ளேயே வைத்திருந்த கேள்வியை அங்கே வாய்விட்டுக் கேட்டுவிட்டால், மீட்டப் தன் வேலையைச் செய்துவிட்டது.