கைக்கேற்ற பாராங் கத்தி

ஆயுத பூசையன்று பால்மரம் சீவும் கத்தியோடு பாராங் கத்தியையும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு வைக்கிறோம். ஆண்டில் ஒரு நாள் காட்டும் இந்தக் கருத்தை, அக்கத்தியை வாங்கும் நாளில் நாம் காட்டுகிறோமா? சந்தையில் பளபளப்பைக் கண்டு மயங்கி, விலை பேசி வாங்கி வந்துவிடுகிறோம். சில நாளில் பிடி ஆடுகிறது. சில வாரங்களில் வாய் மடங்குகிறது. பிடியிலிருந்து கழன்று பறக்கும் அலகு யார்மீது விழும் என்று எவராலும் கூற இயலாது. கையை நம்பி வாழும் நமக்கு, ஒரு விரலின் இழப்பு குடும்பத்தின் இழப்பாகும். ஆகவே, கொல்லர் கையால் செய்த நல்ல பாராங்கைத் தேர்ந்தெடுத்து, அதனை நம் கைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் முறையை இங்குக் காண்போம்.

எஃகின் தரம்

நம் நாட்டுக் கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளைக் கொண்டே பாராங் அடிக்கின்றனர். அதற்குத் தக்க காரணம் உண்டு. ஸ்பிரிங் எஃகு வளைந்து மீளும் தன்மையுடையது, அடி தாங்கும், எளிதில் உடையாது. ஆனால் எஃகு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. தோய்ச்சலும் சரியாக அமைய வேண்டும். அலகைச் செந்தழல் நிறம் வரும்வரை, அதாவது 800 செல்சியஸ் பாகைக்குச் சற்று மேலாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பர். அந்நிலையில் அது மிகக் கடினமாக இருக்கும். கல்லில் பட்டால் தெறித்துவிடும். எனவே மீண்டும் 200 முதல் 300 பாகை வரை இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துவர்.

இதனை நாமே சோதித்து அறியலாம். கொல்லரின் அனுமதி பெற்று, வாயின் ஓரத்தில் அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அரம் ஆணியை அராவுவதுபோல் ஆழமாகப் பற்றினால் எஃகு மென்மையானது, கூர் நிற்காது. கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் சற்றும் பற்றாமல் வழுக்கினால் தோய்ச்சல் மிகுந்துவிட்டது, வாய் உதிரும். சிறிதளவு பற்றுவதே நல்ல பதம். பின்னர் அலகைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கோணல் உண்டா, மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

அளவும் அமைப்பும்

புல்லும் புதரும் வெட்டுவதற்கு மெல்லிய, நீண்ட அலகு ஏற்றது. விறகு பிளக்கவும் கிளை தறிக்கவும் முதுகு தடித்த, கனமான அலகு வேண்டும். இரண்டிற்கும் பொதுவாக ஒரே கத்தி போதும் என்பவர், ஏறத்தாழ 12 அங்குல அலகைக் கேட்கலாம். நல்ல பாராங்கில் வாய் முழுவதும் ஒரே சீராக இராது. கைப்பக்கம் சீவுவதற்கும், வளைந்த நடுப்பகுதி வெட்டுவதற்கும், மெல்லிய நுனி தோலுரிப்பதற்கும் அமைந்திருக்கும்.

இடக்கையர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரவாக்கின் ‘பாராங் இலாங்’ போன்ற கத்திகளில் அலகின் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் குழிந்தும் இருக்கும். வலக்கையருக்குச் செய்தது இடக்கையருக்கு உதவாது. வெட்டு விலகிச் செல்லும். ஆதலால் சொல்லிச் செய்வித்தலே முறை.

பிடி

பிடியைப் பற்றும்போது விரல்நுனிகள் உள்ளங்கையை அழுத்தாமல் அதனை ஒட்டி நிற்க வேண்டும். பிடி உருண்டையாக இருப்பின் கைக்குள் சுழலும். முட்டை வடிவே சிறந்தது. வியர்த்த கையிலிருந்து நழுவாதிருக்க அடிமுனை வளைந்திருத்தல் நலம்.

பிடிக்குள் புகும் அலகின் காம்பு குட்டையாக இருந்தால் ஆபத்து. பிடியின் பாதி நீளத்திற்கு மேல் அது செல்கிறதா என்று கொல்லரைக் கேளுங்கள். கழுத்தில் உலோகப் பூண் இருந்தால் மரம் பிளவாது. பலா, புளி, கொய்யா ஆகிய மரங்கள் பிடிக்கு உகந்தவை. நம் கைக்கெட்டும் இரப்பர் மரம் இதற்கு ஏற்றதன்று. அதில் மாச்சத்து மிகுதி. மருந்திட்டுப் பதப்படுத்தாவிடில் விரைவில் பூசணமும் வண்டும் பற்றிவிடும்.

உறை

மர உறை இரு பாதிகளைச் சேர்த்துப் பிரம்பால் கட்டியது. பன்னாள் பழகிய உறையின் பொருத்தை வாய் அறுத்துவிடும். அதனால், கத்தியை உருவும்போது உறையைச் சுற்றி விரல்களை மடக்கிப் பிடிக்கலாகாது. முதுகுப்பக்கத்தை மட்டுமே பற்ற வேண்டும். இதை மறந்து விரல் அறுபட்டோர் உண்டு. பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பித்தல் நம் கடமை.

பேணும் முறை

மின் சாணையில் அழுத்தித் தீட்டினால் வாய் நீலநிறம் கொள்ளும். தோய்ச்சல் போய்விட்டதற்கு அதுவே அடையாளம். நீர் தெளித்துக் கல்லில் தீட்டுவதே பாதுகாப்பு. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் பட்டால் எஃகு அரிக்கப்படும். உடனே கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள். ஈர உறைக்குள் கத்தியை வைக்காதீர்கள்.

சட்டமும் நாமும்

பாராங் வேலைக்கான கருவி. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் ஏந்திச் செல்வது, 1958ஆம் ஆண்டின் அரிப்பு, வெடிபொருள், ஆயுதச் சட்டத்தின்படி சிறையும் பிரம்படியும் தரக்கூடிய குற்றமாகும். வேலை முடிந்ததும் அதனை உறையிலிட்டு நேரே வீடு சேர்ப்பீர். காப்புப் பெற்ற காட்டு விலங்குகளை உரிமமின்றி வேட்டையாடுவதையும், சுருக்குக் கண்ணி வைப்பதையும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

வேலையில் வெட்டுக்காயம் பட்டால், தூய துணியால் அழுத்திக் கட்டி மருத்துவரிடம் செல்வதோடு, மண்டோரிடமோ தோட்ட அலுவலகத்திலோ அன்றே தெரிவியுங்கள். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோ உதவி கோரும்போது அப்பதிவு பெரிதும் துணைசெய்யும்.

நல்ல கத்தி பல ஆண்டுகள் உழைக்கும். வாங்கும்போது அரைமணி நேரம் பொறுமை காட்டுவோம். நம் பத்து விரல்களையும் காத்துக்கொள்வோம்.