விண்மீன்களைக் கணக்கிட்ட ஐசிஸ் அம்மையார்

சென்னையில் பெய்த மழையின் அளவைச் செய்திகளில் கூறும்பொழுது நுங்கம்பாக்கம் என்ற பெயரை நாம் அடிக்கடி கேட்கிறோம். இன்று வானிலை மையம் இருக்கும் அவ்வளாகத்தில்தான் 1792-ஆம் ஆண்டு சென்னை வான ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே 25 ஆண்டுகள் உழைத்த ஆங்கிலப் பெண்மணி ஐசிஸ் போக்சன்.

இவர் 1852-இல் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். விண்மீன்களின் ஒளியைத் தரம் பிரிக்க இன்றும் பயன்படும் அளவுமுறையை 1856-இல் வகுத்த நார்மன் போக்சனே இவருடைய தந்தை. முதல் தர விண்மீன் இரண்டாம் தர விண்மீனைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளியுள்ளது என்பது அவர் கணக்கு. அதே ஆண்டில் அவர் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்று 'ஐசிஸ்' எனப்பட்டது. நான்கு வயதுகூட நிரம்பாத மகளை நினைத்தே அப்பெயர் சூட்டப்பட்டது என்பர்.

1861-இல் தந்தை சென்னை நிலையத்தின் பொறுப்பை ஏற்கவே, ஐசிஸும் உடன் வந்தார். 1869-இல் தாயார் காலமானார். 1873-இல் ஐசிஸ் தந்தையின் உதவியாளராக நியமிக்கப்பட்டார்.

உதவியாளர் வேலை என்றால் தொலைநோக்கியைத் துடைத்து வைப்பதல்ல! ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தையும் உயரத்தையும் குறித்தால் மட்டும் போதாது. காற்று மண்டலம் ஒளியை வளைக்கிறது. கடிகாரம் சற்று முந்தும் அல்லது பிந்தும். கருவியும் மயிரிழை சாய்ந்திருக்கும். இப்பிழைகளையெல்லாம் கணக்கிட்டு நீக்கிய பிறகே விண்மீனின் உண்மையான இடம் கிடைக்கும். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்களுக்கு இதைக் கையால் செய்ய வேண்டும். பத்துக் கணக்குப் போடுவதற்குள் சோர்ந்துவிடும் நமக்கு நினைத்தாலே மலைப்பாயிருக்கிறது. போதாதென்று, 1881-இல் சென்னை அரசின் வானிலை அறிக்கையாளர் பொறுப்பும் இவரிடம் வந்தது.

1886-இல் லண்டனிலுள்ள ராயல் வானவியல் சங்கத்தில் மகளை அங்கத்தினராகச் சேர்க்கும்படி தந்தை முன்மொழிந்தார். சங்கத்தின் சாசனம் அங்கத்தினரை ஆண்பாற் சொல்லாலேயே குறிப்பதால் பெண்ணைச் சேர்க்க இயலாது என்றனர் வழக்கறிஞர்கள். விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. அச்சாசனம் தமிழில் இருந்திருந்தால் 'அவர்' என்ற ஒரு சொல் இருபாலாரையும் அடக்கியிருக்குமே!

தந்தை 1891-இல் சென்னையிலேயே மறைந்தார். ஐசிஸ் 1898 வரை பணியில் இருந்தார். 1902-இல் கென்ட் என்ற கப்பல் தலைவரை மணந்தார். சங்கம் 1916-இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. முதல் விண்ணப்பத்திற்கு 34 ஆண்டுகள் கழித்து, 1920-இல் ஐசிஸ் அம்மையார் அதன் அங்கத்தினரானார். 1945-இல், தம் 92-ஆம் வயதில் இங்கிலாந்தில் காலமானார்.