ஆர்.எக்ஸ்.100 வாங்கப் போறீங்களா? பணத்தை எண்ணும் முன் டார்ச் லைட்டை எடுங்க!

கள்ளக்குறிச்சி:-

கல்வராயன் மலை அடிவாரத்தில் கச்சிராயப்பாளையம் ரோட்டில் ஒரு பழைய ஆர்.எக்ஸ்.100 போனால் போதும். டீக்கடையில் இருப்பவர்கள் கிளாசை கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்ப்பார்கள். உற்பத்தி நின்றது 1996 மார்ச்சில். ஆனாலும் அந்த சத்தத்துக்கு மவுசு குறையவில்லை.

மவுசு இருக்கிற இடத்தில் தில்லுமுல்லும் இருக்கும். அப்பா ஓட்டிய வண்டி மாதிரியே ஒன்று வாங்கி, பிரித்து, பெயிண்ட் அடித்து, புதுசு போல மாற்ற வேண்டும் என்று இளைஞர்கள் அலைகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு லட்சத்துக்கு மேலும் விலை சொல்கிறார்கள். கூலி வேலை பார்த்து சேர்த்த பணம் அது. வண்டி திருட்டு வண்டியாக இருந்துவிட்டால் பணமும் போச்சு, பைக்கும் போச்சு. தெரிந்தே வாங்கினார் என்று போலீஸ் நிரூபித்தால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பி.என்.எஸ். சட்டம் 317-வது பிரிவில் 3 வருஷம் வரை ஜெயில்.

எது ஜப்பான் வண்டி?

நம்ம ஊரில் ஜப்பான் பைக் என்று சொல்வது எல்லாம் 1980-களில் இந்திய கம்பெனிகள் ஜப்பான் கம்பெனிகளோடு கை கோர்த்து தயாரித்தவை. 1983-ல் ராஜ்தூத் 350. 1984-ல் ஓசூரில் இருந்து இண்ட்-சுசுகி. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, அதே வருஷக் கடைசியில் யமஹா ஆர்.எக்ஸ்.100. அடுத்து கவாசாகி பஜாஜ் கே.பி.100.

ராஜ்தூத் 350 பேரைக் கேட்டாலே சிலருக்கு புல்லரிக்கும். இரட்டை சிலிண்டர், 347 சி.சி., 6 கியர். ஆனால் அது பெட்ரோலை குடிக்கும். உதிரிபாகம் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். வெள்ளிமலையில் இருந்து தினமும் கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு இறங்குகிறவருக்கு அது ஆகாது. மைலேஜ்தான் முக்கியம் என்றால் 4 ஸ்ட்ரோக் சி.டி.100 போதும். காசு குறைவாக இருந்தால் டி.வி.எஸ். சுசுகி சாமுராய் பார்க்கலாம். அதற்கு இவ்வளவு கிராக்கி இல்லை.

இழுவையும் வேண்டும், பார்ட்ஸ்சும் கிடைக்க வேண்டும் என்பவர்கள்தான் ஆர்.எக்ஸ்.100-க்கு வருகிறார்கள். 98 சி.சி., 11 குதிரை சக்தி, எடை சுமார் 100 கிலோதான். மலை ஏற்றத்தில் அது துள்ளுவதன் ரகசியம் அந்த எடைதான்.

"மேட் இன் ஜப்பான்" கதை

புரோக்கர்கள் சொல்லும் முதல் வார்த்தையே "அண்ணே, இது ஜப்பான் என்ஜின்" என்பதுதான். ஆரம்பத்தில் ஜப்பானில் இருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை உண்டு. பிறகு இங்கேயே தயாரித்தது எஸ்கார்ட்ஸ். நம்ம வயலில் டிராக்டர் ஓட்டுகிறார்களே, அதே எஸ்கார்ட்ஸ்தான். ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும். அதை நம்பி 10 ஆயிரம் கூடுதலாக கொடுக்காதீங்க.

இன்னொரு வேலையும் நடக்கிறது. பிறகு வந்த ஆர்.எக்ஸ்.135 வண்டிக்கு பழைய டேங்க், பழைய சைடு பேனல் மாட்டி ஆர்.எக்ஸ்.100 என்று விற்பது. பார்த்தால் தெரியாது. ஆர்.சி. புக்கில் சி.சி.யை பாருங்க. 98 என்றால் 100. 132 என்றால் 135. கியரையும் போட்டுப் பாருங்க. ஆர்.எக்ஸ்.100-க்கு 4 கியர்தான். 5-வது கியர் விழுந்தால் உள்ளே இருப்பது வேறு என்ஜின். தயாரித்த வருஷம் 1999 என்று போட்டிருந்தால் பேச்சே வேண்டாம், அது ஆர்.எக்ஸ்.100 கிடையாது.

கழுத்தில் இருக்குது ஜாதகம்

இப்போ டார்ச் லைட்டுக்கு வேலை. ஹேண்டிலை ஒடித்தால் சேஸின் கழுத்துக் குழாயில் சேஸ் நம்பர் தெரியும். என்ஜின் நம்பர் கிராங்க் கேசில் இருக்கும். மண்எண்ணெய் துணியால் அழுக்கை துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பேப்பர் வைத்து பென்சிலால் தேயுங்க. எழுத்து அப்படியே விழும்.

கம்பெனியில் அடித்த நம்பர் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருக்கும். ஒரு எழுத்து மட்டும் சாய்ந்திருந்தால், 3-ஐ 8 ஆக்கின மாதிரி தெரிந்தால், அந்த இடம் மட்டும் ராவி பளபளப்பாக இருந்தால், கழுத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால் வண்டியை தொடாதீங்க. மற்ற வண்டி பாகங்கள் துருப்பிடித்திருக்க, கழுத்தில் மட்டும் புது பெயிண்ட் எதற்கு?

பிஸ்டன் போனால் மாற்றலாம். கிராங்க் போனால் மாற்றலாம். டேங்க் ஓட்டையை அடைக்கலாம். நம்பர் தப்பாக இருந்தால் எந்த மெக்கானிக்காலும் சரி பண்ண முடியாது.

ஆர்.சி. புக்கில் வேற மாவட்டமா?

இதில் பயப்பட வேண்டாம். கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பரில்தான். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். 1993-க்கு முன்னாடி தென்னார்க்காடு. அதனால் பழைய புக்கில் பழைய மாவட்டப் பெயர் இருப்பது இயல்பு. 1989-க்கு முந்தைய வண்டி என்றால் நம்பர் பிளேட்டே பழைய மூன்றெழுத்து வரிசையில் இருக்கும். அதுவும் சரிதான்.

மலை கிராமங்களில் மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்தி நிற்கும் வண்டிகளில் சிக்கல் வேறு. ஓனர் இறந்து பல வருஷம் ஆகியிருக்கும். மகன் நல்லவர்தான், வண்டியும் ஒரிஜினல்தான். ஆனால் வாரிசு பெயருக்கு படிவம் 31 கொடுத்து மாற்றிய பிறகுதான் உங்கள் பெயருக்கு படிவம் 29, 30 போட முடியும். "புக் தொலைஞ்சு போச்சு" என்றால் டூப்ளிகேட் எடுக்க வேண்டியது ஓனர், நீங்கள் இல்லை. அது கைக்கு வரும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு அந்த கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 2 ஆயிரம் ரூபாய் ஆக்கிவிட்டது. பசுமை வரி தனி. விட்டுப்போன வருஷங்களுக்கு எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டு விலை பேசுங்க.

"விண்டேஜ் வண்டின்னு பதிஞ்சிடலாம்" என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். 2021-ல் வந்த அந்த விதி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு. 1985 மாடலுக்கு 2035 வரை காத்திருக்க வேண்டும்!

போலீஸ் ஏலம்

சாராய வழக்குகளில் பிடிபட்ட வண்டிகளை போலீசார் அவ்வப்போது பொது ஏலம் விடுகிறார்கள். பழைய ஜப்பான் பைக் அதில் சிக்கினால் யோகம். ஆனால் ஓடும் நிலையில் கொடுக்கிறார்களா, கழிவு இரும்பாக கொடுக்கிறார்களா என்று முதலில் கேளுங்க. இரும்பு என்று எடுத்ததை ரோட்டில் ஓட்ட முடியாது. ஓடும் வண்டி என்றால் ஏல உத்தரவோடு படிவம் 32 கொடுத்து 30 நாளில் பெயர் மாற்ற வேண்டும்.

வெட்டலாமா?

பின்பக்க சேஸை அறுத்து கஃபே ரேசர் ஆக்குவதுதான் இப்போது மோகம். போட்டோவுக்கு அழகுதான். ஆனால் ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில். காது கிழியும் சைலன்சருக்கு 10 ஆயிரம் வரை. கலர் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். என்னைக் கேட்டால், கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே கட்டுவதுதான் லாபம். விற்கும்போதும் ஒரிஜினலுக்குத்தான் விலை.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. வண்டி பார்க்கப் போனதும் என்ஜினில் கை வையுங்க. சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிப்பதை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆறவிட்டு நீங்களே கிக்கர் அடியுங்க. ஆயில் பம்ப் வேலை செய்கிறதா என்று கேளுங்க. பல வண்டிகளில் அதை கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் வெள்ளிமலையில் இருந்து ஆக்சிலேட்டரை முழுசாக மூடி கியரிலேயே இறங்கினால், பெட்ரோலோடு ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது லேசாக முறுக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் முன் பிரேக் ஷூவை மாற்றிவிடுங்க.