கூட்டெரு: சொல்லும் பொருளும்

உயிருள்ளவை யாவும் இறுதியில் சிதைந்து மண்ணோடு மண்ணாகின்றன என்பது யாவரும் அறிந்ததே. இச்சிதைவை ஆங்கிலத்தில் 'டிகே' என்பர். 'கீழே விழுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு மொழி வழியாக வந்தது அது. 'கம்போஸ்ட்' என்பதும் இலத்தீன் வழிவந்த சொல்லே. ஆனால் அதன் பொருள் 'ஒன்றுசேர்த்து வைத்தல்' என்பதாம். முன்னது தானே நிகழ்வது. பின்னது மனிதன் கருதிச் செய்வது. பழங்களைப் பாகில் வேகவைத்த 'கம்போட்' என்னும் பண்டத்தின் பெயரும் இதே வேரினின்று பிறந்ததே. தமிழில் இதனைக் கூட்டெரு என்றது மிகவும் பொருத்தம். அடுக்களையில் பலவற்றைச் சேர்த்துச் சமைப்பதும் கூட்டு அன்றோ?

அழுகல் வேறு, மட்கல் வேறு. காற்றின்றி நீர் தேங்கிய குப்பை அழுகி நாறும். காற்றும் ஈரமும் அளவாய் அமைந்த குவியலோ சூடேறி, நாற்றமின்றி மட்கும். வெட்டவெளியில் கொட்டிய சாணத்தின் தழைச்சத்து வெயிலில் ஆவியாகிறது, மழையில் கரைந்தோடுகிறது.

இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் துரையவர்கள் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து இதற்கொரு முறை வகுத்தார். தழை, சருகு, சாணம், மூத்திரம் ஊறிய தொழுவ மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, நீர் தெளித்து, இடையிடையே புரட்டிவிட்டால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் எரு தயாராகும். தொடக்கத்தில் கரிச்சத்து 33 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு இருத்தல் நலம் என்பது அவர் கணக்கு. 1939-இல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா அவர்கள், குழியை மண்ணால் மூடிப் புரட்டாமலே எருவாக்கும் முறையைக் கண்டார். அது மெதுவாக மட்கும். ஆனால் ஆட்கூலி மிச்சம்.

1965-இல் சேலத்தினின்று பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் கேழ்வரகும் சாமையும் பெரும்பாலும் வானம் பார்த்த செம்மண்ணில் விளைகின்றன. மட்கு குறைந்த மண்ணில் ஈரம் நில்லாது. மழை பத்து நாள் தவறினும் பயிர் வாடும். அவ்வாறிருக்க, கரும்புச் சோகையைக் கொளுத்துவதும், மாந்தோப்புச் சருகையும் பட்டுப்புழு வளர்ப்பில் மிஞ்சும் மல்பெரிக் கழிவையும் வீணாக்குவதும் கைப்பொருளை எரிப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே குடியானவர்கள் தொழுவத்தருகே, நீர் தேங்காத மேட்டில், நிழலில் எருக்குழி அமைப்பார்களாக. கையளவு அள்ளிப் பிழிந்தால் உள்ளங்கை நனையவேண்டும், நீர் ஒழுகலாகாது. அதுவே சரியான ஈரம். கிராம அதிகாரிகளும் தெருக்குப்பையைக் குழியில் சேர்க்கச் செய்வரேல், ஊரும் தூய்மையுறும். நிலமும் வளம் பெறும்.