கூடினாலும் ஆபத்து! குறைந்தாலும் ஆபத்து!

நெய்வேலிக் கரி தானாகவே தீப்பிடிக்கும்!

யாரும் நெருப்பு வைக்க வேண்டாம். வெட்டி எடுத்த பழுப்பு நிலக்கரியை மலைபோலக் குவித்து, கவனிக்காமல் விட்டுவிட்டால் போதும். காற்றில் உள்ள பிராணவாயு கரிக்குள் நுழையும். உள்ளே சூடு ஏறும். குவியலின் நடுவில் இருக்கும் சூடு வெளியேற வழி இல்லை. ஒரு நாள் புகை கிளம்பும். பிறகு தீ!

அதனால்தான் கரிக் குவியலை அழுத்தி இறுக்குகிறார்கள். தண்ணீர் தெளிக்கிறார்கள். முதலில் வந்த கரியை முதலில் எரிக்கப் பார்க்கிறார்கள். "இதற்கு மேல் குவிக்காதே" என்று ஓர் எல்லையும் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அதிகபட்ச இருப்பு என்று பெயர்.

சரி, குவிக்காமலே இருந்துவிட்டால்?

அதுவும் முடியாது!

கொதிகலனின் பசி

1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. நெய்வேலியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1956-ல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கரி வேண்டும் தெரியுமா? ஏறக்குறைய ஒரு கிலோ. நெய்வேலிக் கரியில் பாதி ஈரம். ஆகவே நிறையத்தான் எரிக்க வேண்டும்.

210 மெகாவாட் எந்திரம் ஒன்று நாள் முழுவதும் முழு வேகத்தில் ஓடினால், 50 லட்சம் யூனிட் கிடைக்கும். அதற்கு 5 ஆயிரம் டன் கரி! நெய்வேலியின் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் இப்படி ஏழு எந்திரங்கள் நிறுவப்பட்டன.

கரி சுரங்கத்திலிருந்து பெல்ட்டில் வருகிறது. பெல்ட் நின்றாலும் கொதிகலனின் பசி நிற்காது. கையிருப்பில் இருந்து போட வேண்டும்.

அதிலும் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். திறந்த வெளிச் சுரங்கம் அல்லவா? மழைத் தண்ணீர் எல்லாம் பள்ளத்துக்குத்தான் வரும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. மின் உற்பத்தி குறைந்தது.

"இதற்குக் கீழே இருப்பு போகக் கூடாது" என்ற எல்லை எதற்கு என்பது இப்போது புரியும். அதுதான் குறைந்தபட்ச இருப்பு. மழைக்காலத்துக்கு முன்பே அதை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

நாடே தவித்த மாதம்

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை 2021-ல் நாடே பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இந்திய அனல்மின் நிலையங்களின் நிலக்கரி இருப்பு, சராசரியாக 4 நாள் அளவுக்கு இறங்கிவிட்டது. பல மாநிலங்கள் மின்வெட்டுக்குப் பயந்தன.

மத்திய மின்சார ஆணையம் சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பருக்குள் புதுக் கணக்குப் போட்டது. சுரங்கத்தை ஒட்டிய நிலக்கரி நிலையங்களுக்கு 12 முதல் 17 நாள் இருப்பு. தொலைவில் உள்ளவற்றுக்கு 20 முதல் 26 நாள். எத்தனை நாள் என்பது மாதத்துக்கு மாதம் மாறும்.

தொலைவுக்கு ஏன் அதிகம்? சரக்கு வந்து சேர நாள் ஆகும். கணக்கு முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது: கேட்டால் எத்தனை நாளில் வரும்?

அடுக்களையில் அதே கணக்கு

இதைக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது இல்லை. வீட்டில் இரண்டு சிலிண்டர் இருக்கிறதா? ஒன்று தீர்ந்ததும் மற்றதை மாட்டுகிறோம். அன்றைக்கே புதிதாகப் பதிவு செய்கிறோம். மாட்டிய சிலிண்டர் தீருவதற்குள் அடுத்தது வந்துவிடும். பெரிய ஸ்டோர்களில் இதை "இரண்டு பெட்டி முறை" என்பார்கள். ஆணி, நட்டு, வாஷர் போன்ற மலிவான பொருள்களுக்கு இது போதும்.

விலை உயர்ந்த பொருளுக்குத்தான் பென்சில் எடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

பெல்ட்டைத் தாங்கும் ரோலரை எடுத்துக்கொள்வோம். ஒரு கணக்குக்காகச் சொல்வது: நாள் ஒன்றுக்கு 10 ரோலர் தேய்ந்து போகிறது. ஆர்டர் போட்டால் வந்து சேர 60 நாள். அந்த 60 நாளில் 600 செலவாகும்.

லாரி தாமதமானால்? தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் என்றால்? அதற்காக 20 நாள் இருப்பு, அதாவது 200. இதுதான் குறைந்தபட்சம்.

600-ம் 200-ம் சேர்ந்தால் 800. இருப்பு 800-க்கு இறங்கிய அன்றே ஆர்டர் போட வேண்டும். 200-க்கு இறங்கும் வரை காத்திருந்தால் போச்சு! பலர் தவறு செய்வது இங்கேதான்.

ஒரு தடவைக்கு 900 வாங்குகிறார்கள் என்றால், சரக்கு வரும் நாளில் கையில் 200 இருக்கும். வந்தது 900. மொத்தம் 1,100. அதுதான் அதிகபட்சம். நடுவில் வேலை மந்தமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஏன் 5 ஆயிரமாக வாங்கிப் போட்டுவிடக் கூடாது? ரோலர் தீப்பிடிக்காதே! உண்மைதான். ஆனால், அதில் போட்ட பணம் தூங்கும். வெயிலும் மழையும் பட்டால் துரு ஏறும். பெல்ட் ஒட்டும் பசைக்கோ ஆயுளே சில மாதம்தான். அதற்குள் பயன்படுத்தாவிட்டால் குப்பைக்குத்தான் போகும்.

ஜெர்மனிக் கணக்கு செல்லாது

நெய்வேலிக்கு மண் வெட்டும் ராட்சத எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. ஒரு பெரிய சக்கரம், அதில் வரிசையாக வாளிகள், வாளியின் விளிம்பில் இரும்புப் பற்கள். ஜெர்மனியின் சுரங்கங்களில் கரிக்கு மேலே பெரும்பாலும் மென்மையான மணலும் களிமண்ணும். நெய்வேலியிலோ கடலூர் மணற்பாறை! அரம்போல அறுக்கும். வெடி வைத்துத் தளர்த்திய பிறகே பல இடங்களில் வெட்ட முடிந்தது.

பல் தேயும் வேகம் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அப்படியிருக்க, எந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பார்த்து இருப்பு வைத்தால் என்ன ஆகும்? சக்கரம் நின்றுவிடும். எத்தனை பல் வேண்டும் என்பதை நெய்வேலியின் பாறைதான் சொல்ல வேண்டும்.

பத்து வருடம் தூங்கும் பொருள்

இன்னொரு விதப் பொருள் உண்டு. பத்து வருடமாக யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். செலவுக் கணக்கைப் பார்த்தால் "இது எதற்கு? விற்றுவிடலாமே" என்று தோன்றும்.

விற்கக் கூடாது!

நெய்வேலிக் கரிக்கு அடியில் ஊற்று நீர், மேல் நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்க இரவும் பகலும் தண்ணீரை இறைக்கிறார்கள். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையை நீர் பிளந்துகொண்டு வந்துவிடும். பம்பின் ஒரு முக்கிய பாகம் உடைந்து, புதியது வர ஆறு மாதம் ஆகும் என்றால், அந்தப் பாகத்துக்குக் குறைந்தபட்சம் 1 என்று எழுதியே தீர வேண்டும். அது பத்து வருடம் தூங்கட்டும். தூங்கும் வரை நல்லது!

ஸ்டோர்களில் முன்பெல்லாம் ஒவ்வொரு பொருளின் பெட்டிமேலும் ஓர் அட்டை தொங்கும். பின் கார்டு என்பார்கள். வந்தது, போனது, மிச்சம் என்று மூன்று கட்டம். இன்று அந்த வேலையைக் கணினி பார்க்கிறது. ஆனால், எடுத்ததை எழுத வேண்டியவர் மனிதர்தான். இராத்திரி ஷிப்டில் அவசரமாக 12 ரோலரை எடுத்துப் போய், காலையில் எழுத மறந்துவிட்டால், கணினி அன்று முழுவதும் 805 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அலமாரியில் இருப்பதோ 793.